இடைமனு தள்ளுபடியான மறுநாள்: மேல்முறையீட்டுக்கு ஓடும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் அம்மாவின் பெயரில் உள்ள வீட்டுமனையை ஒட்டிய பாதை தொடர்பாக, தமிழ்நாட்டின் ஒரு சிற்றூர் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து வருகிறது. சாட்சி விசாரணை தொடங்கிய பிறகுதான், வழக்குரையில் (வாதி வழக்குத் தொடுக்கத் தாக்கல் செய்யும் மனு) சர்வே உட்பிரிவு எண்ணின் ஓர் எழுத்து மாறி விழுந்திருப்பதைக் கவனித்தோம். அதைத் திருத்துவதற்காக ஓர் இடைமனு (வழக்கு நடக்கும்போதே ஒரு குறிப்பிட்ட உத்தரவு கேட்டுப் போடும் மனு) போட்டோம். விசாரணை தொடங்கிவிட்டது, முன்பே உரிய அக்கறையுடன் பார்த்திருக்கலாம் என்று சொல்லி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, இருபத்தெட்டாம் நாள் சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீட்டைத் தாக்கல் செய்தோம். பத்து நாள் கழித்து, கட்டின் முதல் தாளின் பின்புறத்தில் சிவப்பு மையில் ஒரு வரியுடன் அது திரும்பி வந்தது: “கட்டளை 43 விதி 1-இன் எந்த உட்பிரிவின்கீழ் இம்மேல்முறையீடு நிலைநிற்கும் என விளக்கவும்.”

எந்தெந்த இடைக்கால உத்தரவுகளுக்கு மேல்முறையீடு உண்டு என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் பட்டியலிடும் இடம் அது. விளக்க ஒன்றும் இல்லை. அப்படி ஓர் உட்பிரிவே கிடையாது. அதை ஒப்புக்கொள்ளாமல் இரண்டு முறை மறுதாக்கல் செய்து பார்த்ததில் ஐந்து மாதம் போயிற்று. நான் வழக்கறிஞன் அல்லன்; அந்த ஐந்து மாதத்தில் படித்ததையும் கேட்டதையும், எங்களைப் போல முதன்முறையாக நீதிமன்றப் படி ஏறுகிறவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் வழக்கறிஞரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு இது உதவும், அவருக்கு மாற்றாகாது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவு தவறானது என்பதாலேயே அதை உடனே எதிர்க்கும் உரிமை வந்துவிடுவதில்லை. சட்டம் பெயர் சொல்லி அனுமதித்த சில இடைக்கால உத்தரவுகளுக்கு மட்டுமே மேல்முறையீடு உண்டு. மற்றவற்றில் பெரும்பாலானவை இறுதித் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியவை.

1. உங்கள் கையில் இருப்பது உத்தரவா, தீர்ப்பாணையா என்று பாருங்கள்

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908, தீர்ப்பாணைக்கு (வழக்கில் உள்ள உரிமையை முடிவு செய்யும் ‘டிக்ரீ’) ஒரு வழியும் உத்தரவுக்கு வேறொரு வழியும் வைத்திருக்கிறது. தீர்ப்பாணைக்குப் பிரிவு 96-இன்கீழ் முதல் மேல்முறையீடு உண்டு. உத்தரவுக்குப் பிரிவு 104-உம் கட்டளை 43 விதி 1-உம் சொல்லும் அளவுக்குத்தான் உண்டு. எனவே தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, சட்டம் அதை என்னவாகக் கருதுகிறது என்பதே முக்கியம்.

இடைமனுவில் பிறந்தாலும் தீர்ப்பாணையாகக் கருதப்படுவதற்குச் சரியான எடுத்துக்காட்டு, கட்டளை 7 விதி 11-இன்கீழ் வழக்குரையை நிராகரிக்கும் உத்தரவு. பிரதிவாதி போட்ட இடைமனுவில் அது வந்திருந்தாலும், வாதி அதற்கு எதிராகப் போக வேண்டியது முதல் மேல்முறையீட்டுக்குத்தான். அதே இடைமனு தள்ளுபடியாகி வழக்கு தொடர்ந்தால், பிரதிவாதிக்கு மேல்முறையீடு இல்லை, சீராய்வு (‘ரிவிஷன்’, கீழ் நீதிமன்றம் தன் அதிகார வரம்புக்குள் நடந்ததா என்று உயர் நீதிமன்றம் பார்ப்பது) மட்டுமே. ஒரே மனு, முடிவைப் பொறுத்து இரண்டு பாதை.

பாகப்பிரிவினை வழக்கில் வரும் முதல்நிலைத் தீர்ப்பாணையை ‘இடைக்காலம்தானே, இன்னும் சொத்தைப் பிரிக்கவில்லையே’ என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் எச்சரிக்கையைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: பிரிவு 97-இன்படி, முதல்நிலைத் தீர்ப்பாணையை அப்போதே எதிர்க்காதவர், இறுதிநிலைத் தீர்ப்பாணைக்கு எதிரான மேல்முறையீட்டில் அதைக் குறை சொல்ல முடியாது. யாருக்கு எத்தனை பங்கு என்பது அங்கேயே முடிந்துவிடுகிறது. பின்னால் ஆணையர் வந்து அளக்கும்போது ‘எனக்கு நான்கில் ஒன்று வர வேண்டும்’ என்று சொல்லிப் பயனில்லை.

2. கட்டளை 43 விதி 1 பட்டியலில் உங்கள் உத்தரவைத் தேடுங்கள்

இதை நீங்களே செய்யலாம். அரை மணி நேர வேலை. உத்தரவின் முதல் பக்கத்தில், எந்தக் கட்டளை, எந்த விதியின்கீழ் மனு போடப்பட்டது என்று எழுதியிருக்கும். அந்த எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண மக்கள் வழக்குகளில் அடிக்கடி வருபவை இவை:

தற்காலிக உறுத்துக்கட்டளை, அதாவது ஒன்றைச் செய்யக் கூடாது என்பது போன்ற ‘இன்ஜங்ஷன்’ (கட்டளை 39 விதிகள் 1, 2), அதை மீறியதற்கான நடவடிக்கை (விதி 2ஏ), அதை நீக்கவோ மாற்றவோ கோரும் மனு (விதி 4). சொத்தைப் பார்த்துக்கொள்ளப் பெறுநர் (‘ரிசீவர்’) நியமித்தல் (கட்டளை 40 விதி 1). தீர்ப்புக்கு முன் சொத்தை முடக்கும் பற்றுகை (கட்டளை 38 விதி 6). வராமையால் தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் ஏற்க மறுத்தல் (கட்டளை 9 விதி 9). ஒரு தரப்பு வராததால் வந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்க மறுத்தல் (கட்டளை 9 விதி 13). இறந்தவரின் வாரிசுகளைச் சேர்க்காததால் அற்றுப்போன வழக்கை மீட்க மறுத்தல் (கட்டளை 22 விதி 9). வறியவராக வழக்குத் தொடர அனுமதி மறுத்தல் (கட்டளை 33). வேறு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்படி வழக்குரையைத் திருப்பித் தருதல் (கட்டளை 7 விதி 10). மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்புதல் (கட்டளை 41 விதிகள் 23, 23ஏ).

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எண் பொருந்தினால் போதாது. உத்தரவு எந்தப் பக்கம் போயிற்று என்பதும் பொருந்த வேண்டும். ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்க மறுத்தால் மேல்முறையீடு உண்டு. நீக்கினால், வென்றதை இழந்த எதிர்த்தரப்புக்கு மேல்முறையீடு இல்லை. தன் முடிவை மறுபடி பார்க்கும்படி அதே நீதிமன்றத்தைக் கேட்கும் மறுஆய்வு மனுவில் இது தலைகீழாக இருக்கும்: அனுமதித்தால் மேல்முறையீடு உண்டு, தள்ளுபடி செய்தால் இல்லை. உறுத்துக்கட்டளையிலோ, கொடுத்தாலும் மறுத்தாலும் இரு தரப்புக்கும் வழி இருக்கிறது. ‘அடுத்த தெருக்காரருக்குக் கிடைத்ததே’ என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வருவதுதான்.

பட்டியலில் இல்லாதவையும் தெரிந்திருக்க வேண்டும்: வழக்குரைத் திருத்தம் (கட்டளை 6 விதி 17), புதிய தரப்பினரைச் சேர்த்தல் (கட்டளை 1 விதி 10), வழக்கறிஞர் ஆணையர் நியமனம் (கட்டளை 26 விதி 9), சாட்சியை மீண்டும் அழைத்தல் (கட்டளை 18 விதி 17), கூடுதல் ஆவணங்களை ஏற்றலும் மறுத்தலும். முன்சீப் நீதிமன்றத்தில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால், போடப்படும் இடைமனுக்களில் எத்தனை இந்த வகை என்பது புரியும்.

மேல்முறையீடு செய்து அங்கேயும் தோற்றால், பிரிவு 104(2)-இன்படி இரண்டாவது மேல்முறையீடு கிடையாது. எனவே அந்த ஒரு வாய்ப்பை அரைகுறைத் தாள்களோடு போய்ச் செலவழித்துவிடாதீர்கள்.

3. பட்டியலில் இல்லையென்றால்: சீராய்வும் 227-ஆம் உறுப்பும்

‘அப்பீல் இல்லையென்றால் சி.ஆர்.பி. (உரிமையியல் சீராய்வு மனு) போட்டுவிடலாம்’ என்று நீதிமன்ற வளாகத் தேநீர்க் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. பிரிவு 115-இன்கீழ் உயர் நீதிமன்றத்துக்கு உள்ள சீராய்வு அதிகாரம் 2002 ஜூலை 1 முதல் மிகவும் சுருங்கிவிட்டது. இப்போது கேட்கப்படும் கேள்வி இதுதான்: இந்த உத்தரவு உங்களுக்குச் சாதகமாக வந்திருந்தால், வழக்கு அத்துடன் முடிந்திருக்குமா? முடிந்திருக்கும் என்றால் சீராய்வு உண்டு. வழக்குரையை நிராகரிக்கக் கோரிய மனு தள்ளுபடியானது இதில் அடங்கும். அந்த மனு வென்றிருந்தால் வழக்கே இருந்திருக்காது. எங்கள் திருத்த மனுவோ, வென்றிருந்தாலும் வழக்கு நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஆகவே பிரிவு 115 எங்களுக்கு மூடிய கதவு.

எஞ்சுவது அரசமைப்புச் சட்டத்தின் 227-ஆம் உறுப்பு. கீழ் நீதிமன்றங்கள் தம் வரம்புக்குள் நடக்கின்றனவா என்று உயர் நீதிமன்றம் மேற்பார்வை செய்யும் அதிகாரம் இது. உங்கள் உரிமையாக வரும் மேல்முறையீடு அன்று. சாட்சியத்தை மறுபடி எடைபோடவோ, ‘நானாக இருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன்’ என்ற காரணத்துக்காகவோ நீதிபதி தலையிட மாட்டார். வெளிப்படையான சட்டப் பிழையோ, அதிகார வரம்பு மீறலோ, திருத்தாவிட்டால் பெரும் அநீதி விளையும் நிலையோ இருக்க வேண்டும். உரிமையியல் நீதிமன்ற உத்தரவை எதிர்த்து 226-ஆம் உறுப்பின்கீழ் ரிட் மனுப் போட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாக்கிவிட்டது. ரிட் போடலாம் என்று யாராவது கட்டணம் சொன்னால் கவனமாக இருங்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் 227-ஆம் உறுப்பு மனுக்களும் சி.ஆர்.பி. என்ற பெயரிலேயே எண் இடப்படுகின்றன. கீழே வழக்கு நிலுவையில் இருந்தால் எண்ணோடு ‘பி.டி.’ என்றும், இல்லையென்றால் ‘என்.பி.டி.’ என்றும் சேர்ப்பார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால், மனுவின் தலைப்பில் எந்தச் சட்டப்பிரிவு எழுதப்படுகிறது என்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. கட்டளை 43-இன்கீழ் மேல்முறையீடு இருக்கும்போது, அதைத் தாண்டி நேரே உயர் நீதிமன்றத்துக்கு 227-இன்கீழ் போவது. விருதுநகர் இந்து நாடார்கள் தர்ம பரிபாலன சபை எதிர் தூத்துக்குடி கல்விக் கழகம் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம், உரிமையியல் நடைமுறைச் சட்டமே மேல்முறையீடு தரும் இடங்களில் 227 ஏறக்குறைய முழுத் தடைக்கு உட்பட்டது என்று சொல்லியிருக்கிறது.

4. ஒருதலைப்பட்சமாக வந்த உறுத்துக்கட்டளை என்றால்

ஒரு நாள் காலையில் நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து, உங்கள் சொந்த இடத்தில் சுவர் எழுப்பக் கூடாது என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். உங்களைக் கேட்காமலே உத்தரவு வந்திருக்கிறது. முதல் வேலை, அதை மீறாமல் இருப்பது. மீறினால் கட்டளை 39 விதி 2ஏ-இன்கீழ் சொத்துப் பற்றுகையும், மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையும் உண்டு. ‘உத்தரவே செல்லாது’ என்பது அங்கே எடுபடும் வாதம் அன்று.

உங்களுக்கு இரண்டு வழி. உத்தரவிட்ட நீதிமன்றத்திலேயே எதிருரையும் விதி 4-இன்கீழ் நீக்க மனுவும் தாக்கல் செய்யலாம். அல்லது கட்டளை 43-இன்கீழ் மேல்முறையீடு செய்யலாம். என் கருத்தில் முதல் வழிதான் பெரும்பாலும் விரைவு, செலவும் குறைவு. ஏனென்றால் உங்கள் ஆவணங்களை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. பார்க்காதவற்றை வைத்து மேல் நீதிமன்றத்தில் வாதாடுவது கடினம். அறிவிப்பின்றி உறுத்துக்கட்டளை தந்த நீதிமன்றம் விதி 3ஏ-இன்படி முப்பது நாளுக்குள் அந்த மனுவை முடிக்க முயல வேண்டும். முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டும். முப்பது நாள் கடந்தும் வாய்தா மேல் வாய்தா போய்க்கொண்டிருந்தால், மனு நிலுவையில் இருந்தாலும் மேல்முறையீடு செய்யலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்த்திருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். அறிவிப்பின்றி உத்தரவு பெற்றவர், மனு, பிரமாண வாக்குமூலம், வழக்குரை, ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை உடனே உங்களுக்கு அனுப்பி, அனுப்பியதாக அன்றோ மறுநாளோ நீதிமன்றத்தில் வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதி 3 சொல்கிறது. தபால் உறையின் முத்திரைத் தேதியை அழியாமல் வைத்துக்கொள்ளுங்கள். நீக்க மனுவில் அதற்கு மதிப்பு உண்டு.

5. நாள் கணக்கைத் தாளில் எழுதிப் போடுங்கள்

காலவரையறைச் சட்டம், 1963-இன்படி உயர் நீதிமன்றத்துக்கான மேல்முறையீட்டுக்கு 90 நாள்; மற்ற நீதிமன்றங்களுக்கு 30 நாள். பிரிவு 115 சீராய்வுக்கு 90 நாள். 227-க்குச் சட்டத்தில் நாள் குறிக்கப்படவில்லை. ஆனால் தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள், ஆகவே அதையும் 90 நாள் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். முன்சீப் நீதிமன்ற உத்தரவுக்கு எதிரான மேல்முறையீடு சார்பு நீதிமன்றத்துக்குப் போகும். அதற்கு மேலுள்ள நீதிமன்றங்களின் உத்தரவு எங்கே போகும் என்பது வழக்கின் மதிப்பைப் பொறுத்தது; இதை முதல் நாளே உறுதி செய்யுங்கள், 30 நாளா 90 நாளா என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது.

உத்தரவு சொன்ன நாளும், சான்றிட்ட நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலமும் பிரிவு 12-இன்படி கழிக்கப்படும். நகலின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு முத்திரைக் கட்டம் இருக்கும்: மனுச் செய்த நாள், முத்திரை கோரிய நாள் (நகலுக்கான முத்திரைத்தாளை நீதிமன்றம் கேட்ட நாள்), முத்திரை செலுத்திய நாள், நகல் தயாரான நாள், நகல் வழங்கிய நாள். உங்கள் காலக் கணக்கு முழுவதும் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. மார்ச் 3 உத்தரவு. மார்ச் 5 நகல் மனு. 12-ஆம் தேதி முத்திரை கோரி அன்றே செலுத்தியாயிற்று. மார்ச் 24 நகல் தயார். நீங்கள் போய் வாங்கியது ஏப்ரல் 2 என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 4 முதல் எண்ணினால் முப்பதாவது நாள் ஏப்ரல் 2. இதோடு மார்ச் 5 முதல் 24 வரையான 20 நாளைச் சேர்த்தால் கடைசி நாள் ஏப்ரல் 22. தயாரான நகலை வாங்காமல் விட்ட ஒன்பது நாளுக்குச் சலுகை இல்லை. முத்திரை கோரிய பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட பிறகு நீங்கள் தாமதித்தால் அந்த நாள்களும் உங்கள் கணக்கில்தான் விழும். வாரம் ஒரு முறையாவது நகல் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள்; குமாஸ்தா பார்த்துக்கொள்வார் என்று இருந்ததில் எங்களுக்கு ஆறு நாள் போயிற்று.

நீதிமன்றங்களின் இணையதளத்தில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 எழுத்துச் சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் உத்தரவைப் பதிவிறக்கிப் படிக்கலாம். படிப்பதற்கு மிக வசதி. ஆனால் அது சான்றிட்ட நகல் ஆகாது. பதிவிறக்கிவிட்டோம் என்று நகல் மனுப் போடாமல் இருந்தால், கழிக்க வேண்டிய காலமே உங்களுக்கு இருக்காது.

கடைசி நாளில் நீதிமன்றம் விடுமுறை என்றால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். மே மாதக் கோடை விடுமுறையில் இது கைகொடுக்கும். ஆனால் திறக்கும் முதல் நாளே போய்விட வேண்டும். காலம் கடந்துவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை மேல்முறையீட்டோடு சேர்த்தே போட வேண்டும். அது தனிப் போராட்டம்; எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போய், பதில் வந்து, மாதங்கள் ஆகும்.

6. தாள்களைத் திரட்டுங்கள்

தமிழ்நாட்டில் இடைமனு உத்தரவுக்கு இரண்டு தாள்கள் உண்டு. காரணங்களோடு எழுதப்பட்ட முழு உத்தரவு, அதாவது ‘ஃபேர் ஆர்டர்’. முடிவை மட்டும் முறைப்படி எழுதிய ‘டிக்ரீட்டல் ஆர்டர்’. நகல் மனுவில் இரண்டையும் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, பதிவகம் திருப்பி அனுப்பிய பிறகு மற்றொன்றுக்கு அலைகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இவற்றோடு வழக்குரை, எதிர்வழக்குரை, இடைமனு, அதன் பிரமாண வாக்குமூலம், எதிருரை, இடைமனுவில் குறியீடு செய்யப்பட்ட சான்றாவணங்கள், வக்காலத்து, மேல்முறையீட்டுக் காரணங்கள், தடை கேட்பதாக இருந்தால் அதற்குத் தனி மனுவும் வாக்குமூலமும் வேண்டும். கீழ் நீதிமன்றக் கோப்பு மேலே வந்துவிடும் என்று எண்ணாதீர்கள்; வழக்கு கீழே நடந்துகொண்டிருப்பதால் அது அங்கேயேதான் இருக்கும். நீங்கள் தட்டச்சுத் தொகுப்பில் வைக்காத ஆவணம், நீதிபதியின் கண்ணுக்கு இல்லாத ஆவணம். கையெழுத்தில் உள்ள பழைய பத்திரங்களைத் தட்டச்சு செய்யும்போது சர்வே எண்களை நீங்களே விரல் வைத்து ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்தால் வந்த வினை எங்களுடையது என்பதால் சொல்கிறேன்.

தாள் திரும்பி வந்தால் பதற வேண்டாம். திருத்தி மறுதாக்கல் செய்யக் குறிப்பிட்ட நாள்கள் தருவார்கள். அந்த நாளைத் தாண்டினால் மறுதாக்கல் தாமதத்துக்கு இன்னொரு மனு போட வேண்டிவரும்.

7. செலவு எங்கே போகிறது

இடைக்கால உத்தரவுக்கு எதிரான மேல்முறையீட்டில் நீதிமன்றக் கட்டணம் பெரிய சுமை அன்று. சொத்து மதிப்பில் விழுக்காடு கணக்கிட்டு வழக்குக்குக் கட்டியதைப் போல இதற்குக் கட்ட வேண்டியதில்லை. பணம் கரைவது வேறு இடங்களில்: நகல் முத்திரை, தட்டச்சு, ஒளிநகல், வக்காலத்தில் ஒட்டும் நலநிதி முத்திரை, ஒவ்வோர் எதிர்மனுதாரருக்கும் அறிவிப்பைச் சேர்ப்பதற்கான பேட்டாவும் பதிவுத் தபாலும். எங்கள் தட்டச்சுத் தொகுப்பு 140 பக்கம். எல்லாத் தரப்புக்கும் சேர்த்து 700 பக்கம் எடுத்தோம். பாகப்பிரிவினை வழக்கில் வாரிசுகள் பதினைந்து பேர் என்றால் அறிவிப்புச் செலவே தனிக் கணக்கு. கீழ் நீதிமன்றத்துக்கு வராமல் ஒருதலைப்பட்சமாக விடப்பட்டவர்களுக்கு அறிவிப்பு தேவையில்லை என்று ஒரு மெமோ போட முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள், பணமும் காலமும் மிஞ்சும்.

உயர் நீதிமன்றம் என்றால் வழக்கறிஞர் கட்டணமும் பயணமும்தான் முதன்மைச் செலவு. கட்டணத்தில் என்னென்ன அடக்கம், தடை மனுவுக்குத் தனியா, தட்டச்சு யார் பொறுப்பு என்பவற்றை முதலிலேயே பேசிவிடுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன் பிரிவு 12 அப்படிச் சொல்கிறது. வாதி எங்கள் அம்மா. எல்லாச் செலவும் செய்து முடித்த பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது.

8. தடை தானாக வராது

மேல்முறையீடோ சீராய்வோ தாக்கல் செய்தது கீழ் நீதிமன்ற விசாரணையை நிறுத்தாது. ‘உயர் நீதிமன்றத்தில் போட்டிருக்கிறோம்’ என்று சொன்னால், ‘தடை உத்தரவு இருக்கிறதா?’ என்பதே நீதிபதியின் அடுத்த கேள்வி. இல்லையென்றால் சாட்சியை ஏற்றச் சொல்வார். அந்த வாய்தாவுக்குப் போகாமல் இருந்து, ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

தடை கிடைத்தால் அது ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்ற நம்பிக்கை இன்றும் உலவுகிறது. ஏசியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 29 அன்று அதை நீக்கிவிட்டது. இப்போது தடையை விலக்க வேண்டுமென்றால் மனுப் போட்டு விலக்க வேண்டும்.

இடைமனுவில் நீங்கள் வென்றவர் என்றால், பிரிவு 148ஏ-இன்கீழ் மேல் நீதிமன்றத்தில் கேவியட் போட்டு வையுங்கள். அதன் ஆயுள் 90 நாள். உங்களைக் கேட்காமல் தடை தரப்படுவதைத் தடுப்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

உறுத்துக்கட்டளை மேல்முறையீட்டில் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நோக்கில் வழக்கு இருக்கிறதா, வசதிச் சமநிலை யார் பக்கம், ஈடுசெய்ய முடியாத இழப்பு யாருக்கு என்ற மூன்றையும் கீழ் நீதிமன்றம் பார்த்து, நியாயமான ஒரு முடிவுக்கு வந்திருந்தால், மேல் நீதிமன்றம் தன் முடிவை அதன் இடத்தில் வைக்காது. வாண்டர் எதிர் ஆன்டாக்ஸ் (1990) வழக்கிலிருந்து இதுதான் நிலை. எனவே காரணங்களில் ‘தீர்ப்பு தவறு’ என்று பத்து முறை எழுதுவதைவிட, எந்த ஆவணத்தை நீதிமன்றம் பார்க்கவே இல்லை என்று ஒரு முறை எழுதுவது மேல்.

9. உங்கள் வழக்கு வேறு சட்டத்தின்கீழ் என்றால்

மேலே சொன்னவை சாதாரண உரிமையியல் வழக்குக்கு. வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015-இன் பிரிவு 8, இடைக்கால உத்தரவுகளுக்கு எதிரான சீராய்வை அடியோடு தடுக்கிறது. மேல்முறையீடு கட்டளை 43 பட்டியலில் உள்ளவற்றுக்கும் நடுவர் (‘ஆர்பிட்ரேஷன்’) சட்டம் பிரிவு 37-இல் சொன்னவற்றுக்கும் மட்டுமே, காலம் 60 நாள். குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் பிரிவு 19 இடைக்கால உத்தரவுக்கு மேல்முறையீடு தரவில்லை. குற்றவியல் வழக்குகளில், இடைக்கால உத்தரவுக்கு எதிரான சீராய்வுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 397(2)-இல் இருந்த தடை, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 438(2)-ஆகத் தொடர்கிறது. நடுவர் தீர்ப்பாயம் தனக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டால், அதன் இறுதித் தீர்வம் (‘அவார்ட்’) வரும்வரை காத்திருந்தே எதிர்க்க வேண்டும்.

10. காத்திருக்க வேண்டிய உத்தரவைக் கோப்பில் வையுங்கள்

பிறகு 227-ஆம் உறுப்பின்கீழ் நாங்கள் போட்ட சி.ஆர்.பி. இறுதியில் மதுரைக் கிளையில் பத்து நிமிடத்தில் முடிந்தது. தாமதத்துக்கு நாங்கள் சொன்ன காரணத்தை நீதிபதி பெரிதுபடுத்தவில்லை. ஆனால் தலையிடவும் இல்லை. தேவைப்பட்டால் இறுதி மேல்முறையீட்டில் இதை எழுப்பிக்கொள்ளலாம் என்று எழுதி, விசாரணையை விரைந்து முடிக்கும்படி கீழ் நீதிமன்றத்துக்குச் சொன்னார். அந்த வாக்கியத்தை முதலில் படித்தபோது அது ஆறுதலுக்குச் சொன்னது போலத்தான் இருந்தது. அது பிரிவு 105(1) தரும் உரிமை என்பது பிறகுதான் விளங்கியது: தனியாக எதிர்க்காத, அல்லது எதிர்க்க வழியில்லாத இடைக்கால உத்தரவில் உள்ள பிழை, குறைபாடு, முறைகேடு வழக்கின் முடிவைப் பாதித்திருந்தால், தீர்ப்பாணைக்கு எதிரான மேல்முறையீட்டில் அதை ஒரு காரணமாகச் சொல்லலாம்.

‘முடிவைப் பாதித்திருந்தால்’ என்பதுதான் அதில் உயிர். நியாயம் மறுக்கப்பட்டது என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அந்தத் திருத்தம் அனுமதிக்கப்பட்டிருந்தால் தீர்ப்பின் எந்தப் பத்தி எப்படி மாறியிருக்கும் என்று காட்ட வேண்டும். மறுவிசாரணைக்கு அனுப்பும் உத்தரவுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்கு மேல்முறையீடு இருந்தும் செய்யாதவர், பிரிவு 105(2)-இன்படி, பிறகு அதைக் கேள்வி கேட்க முடியாது. முதல்நிலைத் தீர்ப்பாணைக்குச் சொன்னது போலவே இங்கும் சும்மா இருந்தால் உரிமை போய்விடும்.

மற்றவற்றுக்கு, உத்தரவு வந்த வாரத்திலேயே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். இரண்டு உத்தரவுகளுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். தீர்ப்பு வர மூன்று ஆண்டு ஆகலாம், அப்போது இடைமனுக் கட்டைப் பதிவறையில் தேடச் சொல்லி நிற்கும் நிலை வேண்டாம். இடைமனுவோடு வைத்த ஆவணங்களின் நகலை அதே உறையில் போடுங்கள். உறையின் மேலேயே இடைமனு எண், உத்தரவு நாள், எது மறுக்கப்பட்டது என்று எழுதுங்கள். எங்கள் பழுப்பு உறைக்குள் இப்போது ஃபேர் ஆர்டர், டிக்ரீட்டல் ஆர்டர், சர்வேயர் வரைந்த புலப்படம், உயர் நீதிமன்ற உத்தரவு என்று நான்கு தாள்கள் இருக்கின்றன. சார்பு நீதிமன்றத்திலிருந்து சிவப்பு மையோடு திரும்பி வந்த அந்த முதல் தாளையும் வைத்திருந்தேன். தேவையில்லை என்று வழக்கறிஞர் எடுத்து வெளியே வைத்துவிட்டார்.